அண்ணனின் கான்டெஸா, உள்ளே 1ஜேஇசட் எஞ்சின்: அப்படியே விற்பதா, பழைய எஞ்சினை மாட்டி விற்பதா?

கண்டியூர்க்காரன்

எல்லோருக்கும் வணக்கம். ஒரு கான்டெஸாவை விற்க வேண்டும். எப்படி விற்பது என்பதில் எங்கள் வீட்டிலேயே ஆளுக்கொரு பேச்சாக இருக்கிறது. பழைய கார், எஞ்சின் மாற்றம், ஆர்டிஓ சமாச்சாரம் தெரிந்தவர்கள் வழி சொன்னால் பெரிய உதவியாக இருக்கும். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கார் என் அண்ணனுடையது. போன ஆடியில் மாரடைப்பில் போய்விட்டார். தஞ்சாவூரில் லேத் பட்டறை வைத்திருந்தார். பம்புசெட் ஷாஃப்ட், டிராக்டர் புல்லி, அறுவடை மெஷினின் உடைந்த பாகம் என்று எது போனாலும் திருவையாறு, திருக்காட்டுப்பள்ளி வரை ஆட்கள் அவரிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். பட்டறையில் வந்த காசில் அவருக்கென்று செலவு செய்தது இந்தக் கார் ஒன்றுக்குத்தான்.

1996 மாடல் கான்டெஸா கிளாசிக், 1.8 ஜிஎல்எக்ஸ். கறுப்பு நிறம், டிஎன் 38 நம்பர். கோயம்புத்தூரில் வாங்கி, தஞ்சாவூர் ஆர்டிஓவில் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். நீண்ட முகப்பு, அகலமான உடம்பு, பின்சக்கர ஓட்டம். அமெரிக்க மசில் கார் என்று சொல்கிற மாதிரி நம் ஊரில் செய்த கார் இது ஒன்றுதான் என்பார். இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984ல் இதைக் கொண்டுவந்தபோது உள்ளே வைத்தது அம்பாசடரில் இருந்த அதே 1489 சிசி எஞ்சின், சுமார் ஐம்பது குதிரைத்திறன். இவ்வளவு பெரிய காரை அது இழுக்க முடியாமல் இழுத்தது. அப்புறம்தான் இசூசுவின் 1817 சிசி பெட்ரோல் எஞ்சின் வந்தது, 88 குதிரைத்திறன். அண்ணனுக்கு அதுவும் போதவில்லை.

2021ல் ஆர்சியைப் புதுப்பித்த பிறகு வேலையை ஆரம்பித்தார். ஹாஃப் கட்டாக, அதாவது பழைய காரை வெட்டிய முன்பாதியாக வந்த டொயோட்டா 1ஜேஇசட் ஜிடிஈ எஞ்சினை கியர்பாக்ஸோடு வாங்கினார். 2491 சிசி, வரிசையாக ஆறு சிலிண்டர், இரட்டை டர்போ. ஜப்பானில் அதற்கு அறிவிக்கப்பட்ட சக்தி 280 குதிரைத்திறன். வயரிங்கும் ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) வேலையும் கோயம்புத்தூரில் நடந்தன. மற்றதெல்லாம் அண்ணன் கைவேலை. எஞ்சினைத் தாங்கும் மவுன்ட் பிராக்கெட்டுகளைத் தானே கடைந்து, பழைய போல்ட் துளைகளிலேயே மாட்டினார். புரொப்பெல்லர் ஷாஃப்ட் புதிதாகச் செய்து பேலன்ஸ் பார்த்தார். முன் பிரேக்கைப் பெரிதாக்கினார். பின் ஆக்சில் மட்டும் பழையது. இன்டர்கூலர் உட்கார ரேடியேட்டர் பக்கம் கொஞ்சம் தகடு வெட்டியிருக்கிறார், கியர்பாக்ஸுக்காக நடுவில் கொஞ்சம் தட்டி அகலப்படுத்தியிருக்கிறார். பாடியில் கை வைத்தது அவ்வளவுதான்.

இறக்கிய இசூசு எஞ்சின், அதன் கியர்பாக்ஸ், பழைய மவுன்ட், பழைய ஷாஃப்ட், கார்புரேட்டர் முதற்கொண்டு எல்லாம் கொட்டகையில் இருக்கின்றன. கிரீஸ் தடவி, சாக்கில் சுற்றி, ஒவ்வொன்றிலும் சீட்டு எழுதிக் கட்டி வைத்திருக்கிறார். ஒரு நோட்டும் இருக்கிறது. எந்த வயர் எங்கே போகிறது, எந்த போல்ட் என்ன அளவு, எதற்கு எவ்வளவு செலவு, எல்லாம் அதில் அவர் கையெழுத்தில். எஞ்சின் வாங்கிய பில்லும் அதற்குள்ளேயே செருகியிருக்கிறது.

அண்ணன் மகள் திருச்சியில் பொறியியல் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். பட்டறையை வாடகைக்கு விட்டாயிற்று. காரையும் விற்றுவிடலாம் என்று அண்ணி சொல்லிவிட்டார்கள். நெல் மூட்டை அடுக்கும் கொட்டகையில் அது நிற்க நிற்க வீணாகும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

இதுவரை மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். எர்ணாகுளத்துக்காரர் ஒருவர் கார் அப்படியே இருக்க வேண்டும், பதினொரு லட்சம் தருகிறேன் என்கிறார். அண்ணியிடம் ஃபார்ம் 29, 30ல் கையெழுத்தும் ஆதார் நகலும் வாங்கிக்கொண்டு அன்றைக்கே வண்டியை எடுத்துப் போவாராம். பெயர் மாற்றத்தை அப்புறம் அவரே பார்த்துக்கொள்வாராம். கோயம்புத்தூர் ஆள் ஒருவர் எஞ்சின், கியர்பாக்ஸ், ஈசியூ, வயரிங் மட்டும் ஐந்தரை லட்சத்துக்குக் கேட்கிறார். கும்பகோணத்து வியாபாரி ஒருவர் வந்து பார்த்துவிட்டு, ஆர்சியில் இருக்கிற எஞ்சின் இல்லாத காருக்கு இரண்டு லட்சத்துக்கு மேல் ஒரு பைசா கிடையாது என்று போய்விட்டார்.

பதினொரு லட்சம் பெரிய பணம். மகள் படிப்பு முடிகிற வரை கவலை இல்லை. ஆனால் அந்த வெற்றுக் கையெழுத்து எனக்கு நெருடுகிறது. 88க்குச் செய்த உடம்பில் 280 ஓடுகிறது. யார் கையில் எந்த ரோட்டில் போகப்போகிறதோ தெரியாது, ஆர்சியில் அண்ணன் பெயர். எஞ்சினை இறக்கினால் அவர் உழைப்பைப் பிரித்துப் போடுகிற மாதிரியும் இருக்கிறது. ஆர்சி வரும் ஜூன் வரைதான். என்ன செய்வது சரி?


மன்னை பட்டறை

தம்பி, அண்ணனைப் பற்றிப் படித்ததும் மனசு கனத்துவிட்டது. இப்படிச் சீட்டு எழுதிக் கட்டி வைக்கிற ஆள் ஆயிரத்தில் ஒருவர். எஞ்சின் மாற்றிய வண்டிகள் எங்கள் பட்டறைக்கு வரும்போது நான் முதலில் தேடுவது பழைய மவுன்ட் இருந்த இடத்தைத்தான். முக்கால்வாசி வண்டியில் அதை காஸ் கட்டரால் அறுத்து எறிந்திருப்பார்கள். அப்புறம் அந்த வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. உங்கள் வண்டியைக் கொண்டுவர முடியும். அது பெரிய விஷயம்.

விற்கிற முறையைத் தெரிந்தவர்கள் சொல்லட்டும். நான் வண்டியைப் பற்றிச் சொல்கிறேன். எப்போதிலிருந்து ஓடாமல் நிற்கிறது? ஆடியிலிருந்து என்றால் ஒரு ஐப்பசி, கார்த்திகை மழையை அது கொட்டகையில் கடந்திருக்கிறது. யாராவது பார்க்க வருகிறார்கள் என்று சாவியைத் திருகி ஸ்டார்ட் பண்ணிக் காட்டிவிடாதீர்கள். டேங்கில் கிடப்பது எத்தனால் கலந்த பெட்ரோல், அது ஈரத்தை இழுக்கும். அடியில் தண்ணீர் பிரிந்திருந்தால் பம்ப்பும் இன்ஜெக்டரும் போகும். முதலில் டேங்கை முழுக்க வடித்துவிடுங்கள். ஃபியூயல் ஹோஸ்களை விரலால் மடக்கிப் பாருங்கள், வெடிப்பு தெரிந்தால் மாற்றாமல் பெட்ரோல் ஊற்றக் கூடாது. டர்போ பக்கத்தில் பெட்ரோல் கசிந்தால் அணைக்க நேரம் இருக்காது.

அடுத்தது எலி. நெல் இருக்கிற இடத்தில் எலி இல்லாமல் இருக்குமா? பானட்டைத் திறந்து, டார்ச் அடித்து, ஈசியூவிலிருந்து எஞ்சின் வரை வயரிங்கைக் கையால் தடவிக்கொண்டே போங்கள். அந்த எஞ்சினின் விலையில் பாதி அதன் வயரிங்கில்தான் இருக்கிறது. கடித்திருந்தால் வாங்க வருபவரிடம் முதலிலேயே சொல்லிவிடலாம், அண்ணன் நோட்டைப் பார்த்து சரி செய்துவிடவும் முடியும். நோட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் இன்றைக்கே போனில் படம் எடுத்து வையுங்கள். அது தொலைந்தால் அந்த வயரிங் வேலையை வேறு யாராலும் புரிந்துகொள்ள முடியாது.

எந்த வழியில் விற்றாலும் 1ஜேஇசட்டை ஆறு சிலிண்டருக்கும் கம்ப்ரெஷன் பார்த்து, கேஜில் முள் நிற்கிறதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஓடுமா ஓடாதா என்கிற பேரம் அதோடு முடிந்துவிடும். டர்போவின் கம்ப்ரெஸர் சக்கரத்தைக் கையால் அசைத்துப் பார்க்கும் வீடியோவும் கேட்பார்கள். அந்தக் காலத்து இரட்டை டர்போவில் எக்ஸாஸ்ட் பக்கத்துச் சக்கரம் செராமிக், உடைந்தால் மாற்றாமல் வழியில்லை. அதனால் வாங்குபவர் அதைத்தான் துருவுவார்.

பழைய இசூசுவைப் பற்றிப் பயப்படவே வேண்டாம். அதே 1817 சிசி எஞ்சினைத்தான் அம்பாசடர் 1800 ஐஎஸ்இசட்டிலும் போட்டார்கள். அம்பாசடர் நம் பக்கத்தில் எவ்வளவு ஓடியிருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். கேஸ்கட், கிளட்ச், வாட்டர் பம்ப் என்று உதிரி தேடினால் கிடைத்துவிடும்.


மாயவரத்து வக்கீல்

நண்பருக்கு, உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன். மோட்டார் விபத்து வழக்குகள்தான் என் தொழில். ஆகவே அழுத்தமாகவே சொல்கிறேன்: எர்ணாகுளத்துக்காரர் கேட்கிற கையெழுத்தை உங்கள் அண்ணி போடவே கூடாது.

முதல் காரணம், அந்தக் கையெழுத்துக்கு மதிப்பில்லை. ஆர்சியில் இருப்பவர் இறந்துவிட்டார். ஃபார்ம் 29, 30 என்பவை பதிவு பெற்ற உரிமையாளர் விற்கும்போது போடுபவை. உங்கள் அண்ணி இன்னும் உரிமையாளர் ஆகவில்லை. தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ் வாங்கி, இறப்புச் சான்றிதழோடு ஃபார்ம் 31 கொடுத்து, முதலில் வண்டியை அவர் பெயருக்கு மாற்ற வேண்டும். விதிப்படி இறந்து மூன்று மாதத்துக்குள் விண்ணப்பித்திருக்க வேண்டும். தாமதத்துக்கு ஏதாவது அபராதம் வரும், கட்டிவிடலாம். உங்கள் அம்மா இருக்கிறார்களா? இருந்தால் அவரும் வாரிசு, அண்ணன் மகளும் வாரிசு. அண்ணி பெயருக்கு மாற இருவரின் சம்மதக் கடிதமும் வேண்டும். இதைப் பேசி முடித்துவிட்டு விளம்பரம் போடுங்கள்.

இரண்டாவது காரணம் இன்னும் கனமானது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கு. கார் கைக்குக் கை மாறிப் போயிருந்தது, ஆர்சியில் மட்டும் முதலில் விற்றவர் பெயர். வண்டி விபத்தில் சிக்கியது. நான் எப்போதோ விற்றுவிட்டேன் என்று அவர் சொன்னது எடுபடவில்லை. சட்டத்தின் கண்ணில் ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீடும் அவர் பொறுப்பு என்று முடிந்தது. உங்கள் காரில் இதற்கு மேலும் ஒரு சிக்கல் இருக்கிறது. இன்ஷூரன்ஸ் பாலிசியில் இருப்பது பழைய எஞ்சின் நம்பர். உள்ளே இருப்பது அதைவிட மூன்று மடங்கு சக்தியுள்ள வேறு எஞ்சின். கம்பெனி இதைப் பிடித்துக்கொண்டு பொறுப்பைத் தட்டிக் கழிக்கப் பார்க்கும். அல்லது பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்துவிட்டு, அதை உரிமையாளரிடம் வசூலிக்க நிற்கும். அந்த உரிமையாளராக உங்கள் அண்ணி நிற்க வேண்டுமா?

எஞ்சின் மாற்றத்தை ஆர்சியில் ஏற்றிக்கொள்ளலாமே என்று யாராவது சொல்வார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 அதற்கு இடம் கொடுக்கவில்லை. தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்சி விவரங்கள் மாறும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்துவிட்டது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் 182ஏ சேர்ந்தது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். வாங்குகிறவர் கேரளத்துக்காரர் என்றால் தஞ்சாவூரில் ஃபார்ம் 28 போட்டுத் தடையின்மைச் சான்று வாங்கி, அங்கே வண்டியைக் காட்டி மறுபதிவு செய்ய வேண்டும். எஞ்சின் நம்பர் பார்க்கும் இடத்தில் இந்த வண்டி தேறாது. ஆகவே அவர் பெயர் மாற்றப் போவதே இல்லை. "அப்புறம் பார்த்துக்கொள்கிறேன்" என்பதன் பொருள் அதுதான்.

ஜூன் மாதம் ஆர்சி முடிகிறது என்றீர்கள். புதுப்பிக்கும்போதும் ஆய்வாளர் சேஸ் நம்பரும் எஞ்சின் நம்பரும் பார்ப்பார். இருபது வருஷம் தாண்டிய வண்டிகளுக்குப் புதுப்பிக்கும் கட்டணத்தை 2025ல் உயர்த்தியும் விட்டார்கள், அதையும் கணக்கில் வையுங்கள். பழைய எஞ்சினை மாட்டி, ஓட வைத்து, அண்ணி பெயருக்கு மாற்றி, ஆர்சியைப் புதுப்பித்து விற்பதுதான் வழி. 1ஜேஇசட்டைத் தனிப் பொருளாக, அதன் பில்லோடு விற்றுக்கொள்ளுங்கள். சாலையில் ஓடாத எஞ்சினை விற்பதில் குற்றம் எதுவும் இல்லை.


மலைக்கோட்டை டர்போ

அண்ணா, சட்டம் எல்லாம் சரி. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த எஞ்சினை அந்தக் காரிலிருந்து பிரிக்கச் சொல்வது எனக்குத் தாங்கவில்லை. ஒரு லேத் பட்டறைக்காரர் தன் கையால் மவுன்ட் கடைந்து, ஷாஃப்ட் செய்து, நோட்டு எழுதி முடித்த வண்டி. இந்த மாதிரி வேலையை லட்சக்கணக்கில் கொடுத்தாலும் எல்லா இடத்திலும் செய்து தரமாட்டார்கள். பிரித்து விற்றால் எஞ்சின் யாருடைய வண்டியிலாவது போய் உட்காரும், பிராக்கெட் பழைய இரும்புக்குப் போகும். முழு வேலையாக இருக்கும்போதுதான் அதற்கு மதிப்பு.

ரோட்டில் ஓட்டாமல் டிராக்கில் மட்டும் ஓட்டுகிற ஆட்கள் இருக்கிறார்கள். கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே, சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை என்று இரண்டு டிராக் நம் மாநிலத்திலேயே இருக்கின்றன. லாரியில் ஏற்றிப் போய் ஓட்டிவிட்டு லாரியிலேயே திருப்பிக் கொண்டுவருவார்கள். அப்படி ஒருவர் கிடைத்தால் கார் முழுசாகவே போகும். அவசரப்படாமல் தேடுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். ரோட்டில் ஓட்டுகிறவருக்கு விற்கக் கூடாது என்பதில் நானும் வக்கீல் சார் பக்கம்தான். பின் ஆக்சில் பழையது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மழை ஈரத்தில் ஆழ மிதித்தால் அந்த வண்டி எந்தப் பக்கம் போகும் என்று ஓட்டுகிறவருக்கே தெரியாது.


காரைக்கால் 1.8

நான் கான்டெஸா வைத்திருக்கிறவன், வாங்கி விற்கிறவன் இல்லை. என்னிடம் இருப்பதும் 1.8 ஜிஎல்எக்ஸ்தான். 2023ல் நாலே கால் லட்சத்துக்கு வாங்கினேன். கடற்காற்றில் நின்ற வண்டி, அடித்தகடு வேலைக்கே நிறையச் செலவானது. கண்டியூர்க் கொட்டகையில் நின்ற வண்டிக்கு அந்தச் சேதம் இருக்காது என்று நினைக்கிறேன். ஆனாலும் முன் விண்ட்ஷீல்டின் அடி ஓரம், பூட்டில் ஸ்டெப்னி கிடக்கிற குழி, கதவுகளின் அடிமடிப்பு, இந்த மூன்று இடத்தையும் பாருங்கள். கான்டெஸா முதலில் துருப்பிடிக்கிறது அங்கேதான்.

கான்டெஸா வாங்க வருகிற ஆட்கள் இரண்டு ஜாதி. ஒருவருக்கு வேகம் வேண்டும். இன்னொருவருக்கு அப்பா ஓட்டிய வண்டி, மாமா கல்யாணத்துக்கு வந்த வண்டி, அது வேண்டும். இரண்டாவது ஆள் ஸ்டீயரிங் நடுவில் இருக்கிற சின்னம் ஒரிஜினலா, டாஷ்போர்டு வெடிக்காமல் இருக்கிறதா, ஜன்னல் பீடிங் இருக்கிறதா என்று பார்ப்பார். கம்பெனி எஞ்சின், ஆர்சியில் இருக்கிற அதே நம்பரோடு இருக்கிறது என்று தெரிந்தால் பேரம் பேசவே கூச்சப்படுவார். 2002ல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள், இனி வரப்போவதில்லை. கும்பகோணத்து வியாபாரி சொன்ன இரண்டு லட்சம், எஞ்சின் இல்லாத வெறும் பாடிக்கு. அதை உங்கள் காருக்கு விலையாக நினைத்துவிடாதீர்கள். இசூசு மாட்டி, ஆர்சி புதுப்பித்து, ஓடுகிற நிலையில் நிறுத்தினால் ஐந்தில் பேச்சை ஆரம்பியுங்கள். பெயின்ட் நன்றாக இருந்தால் ஆறு கேளுங்கள்.

திருச்சித் தம்பி சொன்னதையும் நான் தள்ளிவிடவில்லை. அவருக்கும் வக்கீல் சாருக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. காரைக் கம்பெனி எஞ்சினோடு, சுத்தமான ஆர்சியோடு விற்கலாம். அதே ஆளுக்கே 1ஜேஇசட்டையும் தனியாகக் கொடுக்கலாம். கார் ஒரு ரசீது. எஞ்சின், கியர்பாக்ஸ், அண்ணன் செய்த மவுன்ட், ஷாஃப்ட், ஈசியூ, வயரிங், நோட்டின் நகல் இன்னொரு ரசீது. இரண்டும் ஒரே லாரியில் போகட்டும். டிராக்கில் ஓட்டுகிறவராக இருந்தால் அவர் இடத்தில் மாட்டிக்கொள்ளட்டும். உங்கள் அண்ணி விற்றது சட்டப்படி சுத்தமான ஒரு கான்டெஸாவும் தரையில் இருக்கிற ஒரு எஞ்சினும். அண்ணன் வேலை சிதறாமல் ஒரே கையில் இருக்கும். இரண்டையும் கூட்டினால் எர்ணாகுளத்துப் பதினொன்றுக்குப் பக்கத்திலேயே வந்துவிடும், கையெழுத்துப் பயம் இல்லாமல்.

முதலில் இப்படி இரண்டையும் சேர்த்து எடுப்பவரைத் தேடுங்கள், சித்திரை வரை. அமையாவிட்டால் கோயம்புத்தூர்க்காரருக்கு எஞ்சினைக் கொடுத்துவிட்டு, காரை நம்மைப் போன்ற ஆள் ஒருவருக்குக் கொடுங்கள். கார் மட்டும் என்றால் நானே வந்து பார்க்கவும் தயார். ஆனால் நான் பார்ப்பதற்கு முன்னால் இன்னும் இரண்டு பேருக்காவது காட்டுங்கள், அப்போதுதான் அண்ணிக்கு நியாயமான விலை தெரியும்.

இன்னொன்று. வருகிறவர்களுக்குச் சாவியைக் கொடுத்து அனுப்பாதீர்கள். 1ஜேஇசட் உள்ளே இருக்கிற வரை வண்டி கொட்டகையை விட்டு ரோட்டுக்கு வர வேண்டாம். மன்னை அண்ணன் சொன்னதையெல்லாம் முடித்த பிறகு, நின்ற இடத்தில் எஞ்சினை ஓட்டிக் காட்டுங்கள். உண்மையாக வாங்குகிறவருக்கு அந்தச் சத்தமே போதும்.


கண்டியூர்க்காரன்

எல்லோருக்கும் நன்றி. வக்கீல் சார் எழுதியதை அண்ணிக்கும் அம்மாவுக்கும் நேற்று ராத்திரி படித்துக் காட்டினேன். அம்மாவும் வாரிசு என்பது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. அம்மா உடனே, "எங்கே கையெழுத்து போடணும், சொல்லு" என்றார்கள். அவர்கள் மனதில் வேறு ஒரு கவலை இருந்திருக்கிறது. மகன் செய்த வண்டியில் எங்கேயோ ஒரு பிள்ளை அடிபட்டால் என்ன செய்வது என்று அண்ணன் போனதிலிருந்தே நினைத்துக்கொண்டிருந்தார்களாம். எர்ணாகுளத்துக்காரருக்குப் போன் செய்து முடியாது என்று சொல்லிவிட்டேன். பன்னிரண்டு தருகிறேன் என்றார். அண்ணியே போனை வாங்கி, வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

காரைக்கால் அண்ணன் சொன்ன வழி எங்கள் எல்லோருக்கும் பிடித்திருக்கிறது. அண்ணன் மகளுக்குத்தான் அதிகம் பிடித்தது. நோட்டின் அசல் தனக்கு வேண்டும், வாங்குகிறவருக்கு நகல் கொடுக்கலாம் என்கிறாள். அது நியாயம். மலைக்கோட்டைத் தம்பிக்கும் சொல்கிறேன், டிராக்கில் ஓட்டுகிற உங்கள் நண்பர்கள் யாருக்காவது விருப்பம் இருந்தால் வரச் சொல்லுங்கள். அண்ணன் இருந்திருந்தால் உங்களோடு ஒரு நாள் முழுக்க அந்த எஞ்சினைப் பற்றிப் பேசியிருப்பார்.

மன்னை அண்ணே, நீங்கள் சொன்னபடி டார்ச் அடித்துப் பார்த்தேன். வயரிங்கில் ஓரிடத்தில் மட்டும் கடி இருக்கிறது, டாஷ்போர்டுக்குப் பின்னால் போகிற ஒரு கட்டில். நோட்டில் அந்தக் கட்டுக்குத் தனிப் பக்கம் இருக்கிறது. டேங்கை வடித்தேன், அடியில் ஒரு டம்ளர் அளவுக்குத் தண்ணீர் மாதிரி வந்தது. இசூசுவின் சாக்கைப் பிரித்தால் வெளியே துரு இல்லை. ஆனால் கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டுத் திருப்பினால் அசைய மாட்டேன் என்கிறது. இறுகிவிட்டதா?


மன்னை பட்டறை

தம்பி, ஸ்பேனரைக் கீழே வையுங்கள். பலமாக இழுத்தால் பிஸ்டன் ரிங் உடையும். நாலு வருஷம் நின்ற எஞ்சின் இறுகியிருப்பது சகஜம். இதனால் எஞ்சின் போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. நாலு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் ஒரு சின்னக் கரண்டி அளவு டீசலும் எஞ்சின் ஆயிலும் சரிபாதி கலந்து ஊற்றுங்கள். துளைகளைத் துணியால் அடைத்துவிட்டு ஒரு வாரம் தொடாதீர்கள். அப்புறம் நீளமான கம்பி இல்லாமல், சாதாரண ஸ்பேனரால், முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்துப் பாருங்கள். நூல் அளவு அசைந்தாலும் போதும், மறுபடி ஊற்றி விட்டுவிடுங்கள். கிராங்க் சுழல ஆரம்பித்துவிட்டால் அதோடு நிறுத்தி வையுங்கள். ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் ஹெட்டைத் திறந்து ஒரு தடவை பார்த்துவிடலாம். கேஸ்கட்டும் கிளட்ச் தட்டும் நானே வாங்கி வருகிறேன், பில்லைப் பார்த்து அதற்கு மட்டும் பணம் கொடுங்கள். கூலி வேண்டாம்.

எங்கள் பக்கம் தாளடி அறுப்பு முடிகிற வரை டிராக்டர் வேலை தலைக்கு மேல் இருக்கிறது. மாசி பாதிக்கு மேல் ஒரு ஞாயிற்றுக்கிழமை செயின் பிளாக்கோடு வருகிறேன். கொட்டகை உத்தரம் மரமா, இரும்பா? மரம் என்றால் அதில் தொங்கவிட வேண்டாம், நான் மூன்று கால் பைப் ஸ்டாண்டும் ஏற்றி வந்துவிடுகிறேன். 1ஜேஇசட்டை இறக்கி வைக்க ஒரு நல்ல மரப் பலகைத் தட்டு தயார் செய்து வையுங்கள், இரண்டு ஆள் நின்றாலும் வளையாத மாதிரி. கடித்த வயர் கட்டு எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறதோ அந்தப் பக்கத்தை இப்போதே எனக்கு அனுப்புங்கள். கனெக்டர் கோயம்புத்தூரில்தான் கிடைக்கும், சொல்லி வைக்க வேண்டும்.